எதிராளியை எழுதுதல்

சமூகத்தின் முரண்பாடுகளை எழுத்திற் கொணர்வது முற்போக்கு இலக்கியத்தின் தலையாய பணி என்பதை எவரும் மறுக்கார். ஆனால் முரண்பாடு என்பது இரு தரப்பாருக்கிடையே நிகழ்வது. அவ்விரு தரப்பாருள் ஒரு தரப்பாரையே நம் எழுத்தாளர் பலர் மனிதராகப் படைக்கின்றனர். மறு தரப்பார் பெரும்பாலும் வைக்கோற் பொம்மைகளாய் நின்றுவிடுகின்றனர். இது வெறும் கலைக்குறையா, அன்றிக் கொள்கையையே ஊறுபடுத்தும் குறையா?

அண்மையில் உயர்தர வகுப்பிலே தீண்டாமை பற்றிய சிறுகதை ஒன்றைப் படிப்பித்தேன். அதில் வரும் நிலச்சொந்தக்காரர் குடிக்கிறார், பெண்களைத் துன்புறுத்துகிறார், கூலியாளை எட்டி உதைக்கிறார். கதை முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, “சேர், இப்படியொரு ஆளை எங்கட ஊரில நான் காணேல்லை” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. “உங்கள் வீட்டுக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளினார்களா?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர் சொன்னான்: “அம்மம்மா பசியெண்டு வந்த ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பேல்லை சேர். ஆனால் சில ஆக்களைக் கிணத்தடிக்கு விடமாட்டா. தானே அள்ளிக்கொண்டுபோய்ப் படலைக்கு வெளியில நிண்டு கையில வார்ப்பா.”

கதை தொடாத இடம் அதுவே. கதையில் வரும் கொடியவனைக் கண்டு, “நான் இவனல்லன், என் வீட்டார் இவரல்லர்” என்று மாணவன் நிம்மதியுற்றான். எவரைச் சுடவேண்டுமென்று எழுதப்பட்டதோ அவரையே அக்கதை விடுதலை செய்து அனுப்பிவிட்டது. தீண்டாமை சில துர்க்குணத்தாரின் கொடுமையாக மட்டும் இருந்திருப்பின், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமே அதனை ஒழிக்கப் போதியதாயிருந்திருக்கும். அச்சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயில் ஒரு பகுதி மக்களுக்கு அடைபட்டே கிடந்தது. சாதி தீயவர்களால் மட்டும் வாழவில்லை. இரக்கமுள்ள அம்மம்மாமாராலும் வாழ்ந்தது. அதன் வலிமையின் இரகசியம் அங்கேதான் இருக்கின்றது.

பால்சாக் பற்றி ஏங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னெஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதம் நம் விமர்சகர்கள் நன்கறிந்தது. பால்சாக் முடியாட்சியின் பக்கம் நின்றவர். எனினும் தாம் நேசித்த பிரபுக்களின் வீழ்ச்சி தவிர்க்கவொண்ணாததெனக் கண்டு எழுதினார். தம் அரசியல் எதிரிகளாகிய குடியரசுவாதிகளையே ஒளிவுமறைவற்ற வியப்போடு படைத்தார். இதனை யதார்த்தவாதத்தின் பெருவெற்றிகளுள் ஒன்றாக ஏங்கெல்ஸ் போற்றினார். பிற்போக்காளர் ஒருவரால் எதிரணியை இவ்வளவு நேர்மையாகக் காண முடிந்ததாயின், வரலாறு தம் பக்கம் என்று நம்பும் நாம் அதற்கு ஏன் அஞ்சவேண்டும்?

1910இல் நூலுருப் பெற்ற தாகூரின் ‘கோரா’ இவ்வகையில் நாம் மீண்டும் கற்கவேண்டிய நாவல். பிரம்ம சமாஜக் குடும்பத்திற் பிறந்த தாகூர், வைதிக ஆசாரத்தின் காவலனாகிய கோராவைக் கதாநாயகனாக்கினார். தம் தரப்புக்கு எதிரான வாதங்களையெல்லாம் அவன் வாயிலே குன்றாத வலிமையோடு வைத்தார். சீர்திருத்தத் தரப்பிலோ, குறுகிய மனமும் அதிகார ஆசையும் கொண்ட ஹாரன் பாபுவை நிறுத்தினார். தாகூர் தடுமாறிவிட்டார் என்று இதற்குப் பொருளன்று. கோராவின் ஆசாரம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை அவர் தேடிச் சென்றார். அந்நியன் இகழும் தன் சமூகத்தை அந்நியனோடு சேர்ந்து தானும் இகழ்வதா என்ற அடிமை நாட்டு மகனின் புண்பட்ட தன்மானமே அதன் வேர். வேரைக் கண்டவருக்கே அதனை வெட்டும் இடமும் தெரியும்.

அவ்விடம் ஒரு நாவிதனின் வீடாக அமைகின்றது. அவுரித்தோட்டத் துரையின் கொடுமைக்கு ஆளான முஸ்லிம் கிராமத்திலே, சிறைப்பட்டவன் ஒருவனின் மகனை ஓர் இந்து நாவிதன் தன் மகனாக வளர்க்கிறான். ஆசாரம் கெடுமென்று அவ்வீட்டில் நீர் அருந்த மறுக்கிறான் கோரா; தாகத்தோடு ஒரு பிராமணன் வீட்டை நாடிச் செல்கிறான். அப்பிராமணனோ துரையின் கொடுமைக்குத் துணைநிற்பவன். கொடியவன் கைநீர் தூயது, கருணையுள்ளவன் கைநீர் தீட்டா என்ற கேள்வி அவனைக் குடைகிறது. அவன் நாவிதன் வீட்டுக்கே திரும்புகிறான். நாவலின் முடிவிலே, அதுவரை தான் விலக்கிவந்த கிறிஸ்தவப் பணிப்பெண் லச்மியாவின் கையால் தண்ணீர் கேட்கிறான். கோரா வைக்கோற் பொம்மையாயிருந்தால், அந்த ஒரு குவளை நீருக்கு இத்தனை கனம் வந்திராது.

நம் கிணற்றடிகளின் கதையும் தண்ணீரின் கதையே. டொமினிக் ஜீவாவின் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற முதற்றொகுதி ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்றே பெயர் கொண்டது. 1972இல் வெளிவந்த க. டானியலின் ‘பஞ்சமர்’, அதுகாறும் இலக்கியத்தின் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களை உள்ளே கொணர்ந்தது. அம்மக்களை முதலில் மனிதராக நிறுவுவதே அன்று வரலாறு இட்ட கட்டளை. அதனை நிறைவேற்றியோரிடம் எதிராளிக்கும் நீதி செய்யவில்லையே என்று குறைகாண்பது நன்றிகேடாகும். இன்று எழுதுவோரைக் கேட்பது வேறு.

மாவிட்டபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 1968இல் ஆலயப் பிரவேசத்துக்கு எதிராக அவ்வாயிலில் முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராயிருந்தவர்; சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் இடம்பெற்றவர். 1948இல் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோரின் குடியுரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது சபையை விட்டு வெளியேறி, அதன் விளைவாகப் பதவியைத் துறந்தவரும் அவரே. அதிகாரத்தின் வாயிலைத் துறந்து வெளியேவந்த அதே மனிதர், இருபது ஆண்டுகளின் பின் கோயில் வாயிலை மறித்து நின்றார். இவ்விரண்டு செயல்களும் ஒரே நெஞ்சில் எவ்வாறு குடியிருந்தன? பெரும்பான்மையின் அநீதியைக் கண்ட கண், தன் வீட்டு அநீதிக்கு ஏன் மூடிக்கொண்டது? ஒரு தனிமனிதரைப் பற்றிய கேள்வியன்று இது. நம் சமூகத்தின் கேள்வி. அதனை முழுமையாக எதிர்கொண்ட தமிழ் நாவலை நான் படித்ததில்லை.

இங்கே ஒரு தடை எழும். உதைபட்டவன் உதைத்தவனின் உள்ளத்தை ஆராயவேண்டுமா? அநீதியின் நடுவே இருபுறத்தையும் பார் என்பது சமரசவாதமன்றோ? தடை நியாயமானது. புரிந்துகொள்ளும் சுமை இரு தரப்பாருக்கும் சமமானதன்று. கிணற்றைப் பூட்டி வைத்திருந்த வீட்டிற் பிறந்தவரே அச்சுமையை முதலிற் சுமக்கவேண்டும். அவ்வீட்டின் உள்ளறைகளை அறிந்தவர் அவரே. மேலும், புரிந்துகொள்ளல் வேறு, பொறுத்துக்கொள்ளல் வேறு. வைத்தியர் நோயின் மூலத்தை அறிய முயல்வது நோயோடு உடன்படுவதற்காகவன்று. தாகூர் கோராவைப் புரிந்துகொண்டார். ஆயினும் கோராவின் ஆசாரத்துக்கு ஓர் அங்குலமேனும் விட்டுக்கொடுத்தாரில்லை.

ஆகவே ஒரு படைப்பை எடைபோடுகையில் இக்கேள்வியையும் கேட்போம்: இதில் வரும் எதிராளி எதை நேசிக்கிறான், எதை இழக்க அஞ்சுகிறான்? விடையில்லையேல் அவன் பாத்திரமல்லன். எழுத்தாளர் தம் கோபத்துக்கு வைத்த பெயர். சாதியால் மட்டுமன்றி, மொழியாலும் மதத்தாலும் பிளவுண்டு, 1983இலிருந்து 2009 வரை போரின் கொடுமையையும் கண்ட நாட்டில், அத்தகைய பெயர்களை நாம் வேண்டிய அளவு சேர்த்துவிட்டோம்.

அந்த மாணவன் மறுவாரம் ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தான். தலைப்பு ‘எங்கள் கிணறு’. அவன் அம்மம்மாவை அதில் வெறுக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. படலைக்கு வெளியே ஏந்திநின்ற கைகளை அவன் முதன்முதலாகக் கண்டிருந்தான். வார்த்த கைகளையும் கண்டிருந்தான். இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும் இலக்கியமே நமக்கு வேண்டியது.