பார்வையாளனின் சுதந்திரம்

கலைப்படைப்பு மக்களைச் சென்றடையும் வழி மாறும்போது அப்படைப்பின் உருவமும், அதனை ஆக்குவோரின் வாழ்வும் உடன் மாறுகின்றன. அச்சியந்திரம் வந்தபோது இது நிகழ்ந்தது. கேபிள் தொலைக்காட்சியைக் கைவிட்டு மக்கள் இணையவழிச் சேவைகளுக்குப் பெயரும் இக்காலத்திலும் இதுவே நிகழ்கின்றது. இப்பெயர்ச்சியைப் பார்வையாளனின் விடுதலை எனப் போற்றுவோர் பலர். அவ்விடுதலையின் தன்மை யாது, அதற்கு விலை கொடுப்போர் யாவர் என்பவற்றை நாம் ஆராய்தல் வேண்டும்.

இம்மாற்றம் முனைப்பாக நிகழ்ந்த நாடு அமெரிக்கா. ஆதலின் அந்நாட்டு நிலையை முதற்கண் நோக்குவோம். 1948ஆம் ஆண்டளவில், அலைகள் சரிவர எட்டாத மலையூர்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசெல்லும் எளிய உபாயமாகவே அங்கு கேபிள் தோன்றியது. பின்னர் அது பெரும் வாணிகமாயிற்று. விரும்பிப் பார்க்கும் சில அலைவரிசைகளுக்காக, ஒருநாளும் பாராத பலவற்றுக்கும் மக்கள் பணங் கட்டினர். அதற்கு மேல் விளம்பரங்களையும் பொறுத்துக்கொண்டனர். 2007ஆம் ஆண்டில் நெற்பிளிக்ஸ் நிறுவனம், வேண்டியதை வேண்டிய நேரத்தில் விளம்பரமின்றிப் பார்க்கும் இணையவழிச் சேவையைத் தொடங்கியபோது அது வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை. 2022 யூலையில், அமெரிக்கர் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் இச்சேவைகளின் பங்கு முதன்முறையாகக் கேபிளின் பங்கை விஞ்சியது.

இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. தமிழிலேயே சான்று உண்டு. இருளர் குடியைச் சேர்ந்த ஒருவர் பொலிஸ் காவலிற் கொல்லப்படுவதையும், அவர் மனைவி நீதி கோரிப் போராடுவதையும் கூறும் 'ஜெய் பீம்' திரைப்படம், 2021 நவம்பரில் திரையரங்கை நாடாது நேரே அமேசனின் சேவையில் வெளியாயிற்று. சென்னையிலுள்ளவரும் கனடாவிலுள்ளவரும் ஒரே நாளில் அதனைக் காணமுடிந்தது. இத்தகைய பரவலை முந்திய தலைமுறைக் கலைஞர் கனவிலும் கண்டிரார்.

எனினும், படைப்பை எழுதியவனின் நிலை யாது? அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளனுக்கு, அவன் எழுதிய நாடகம் மறு ஒளிபரப்பாகும்போதெல்லாம் ஒரு தொகை கிடைத்து வந்தது. வேலையில்லா மாதங்களில் அவன் குடும்பத்தைத் தாங்கியது அத்தொகையே. இணையவழிச் சேவையில் மறு ஒளிபரப்பு என்பதே இல்லை. படைப்பை எத்தனை கோடிப் பேர் பார்ப்பினும் அவனுக்குக் கிடைத்தது வரையறுக்கப்பட்ட தொகையே. இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளாக அமைந்த தொடர்கள் எட்டாகவும் பத்தாகவும் குறுகியதால் வேலைநாள்களும் குறைந்தன. எத்தனை பேர் பார்த்தனர் என்னும் கணக்கோ நிறுவனத்தின் பெட்டகத்துக்குள்ளேயே கிடந்தது.

இந்நிலையே 2023 மே 2ஆம் திகதி எழுத்தாளரை வீதிக்குக் கொண்டுவந்தது. யூலையில் நடிகரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இரு சாராரும் ஒருங்கே வேலைநிறுத்தஞ் செய்தது 1960ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே முதன்முறை. எழுத்தாளர் 148 நாள்கள் உறுதியாக நின்றனர். அதன் பயனாக, மிகுதியாகப் பார்க்கப்படும் படைப்புக்கு மேலதிக ஊதியமும், பார்வைக் கணக்கைச் சங்கம் அறியும் உரிமையும் கிடைத்தன. பொறிநுட்பத்தின் வளர்ச்சி தானாக எவருக்கும் நீதி வழங்குவதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

படைப்பின் ஆயுளும் இன்று உடைமையாளரின் கையிலேயே உளது. டிஸ்னி நிறுவனம் தன் சேவைக்கென ஆக்குவித்த 'வில்லோ' தொடரை 2022 நவம்பரில் வெளியிட்டு, ஆறு மாதம் நிறையுமுன்னரே அச்சேவையிலிருந்து நீக்கியது. நூலொன்றைப் பதிப்பாளர் மறந்தாலும் அது எங்கேனும் ஒரு வாசிகசாலையில் எஞ்சியிருக்கும். வட்டாகவும் விற்கப்படாத தொடருக்கு அப்புகலிடமும் இல்லை. அதன் பின்னே உழைத்த நூற்றுக்கணக்கானோரின் முயற்சி ஒரு கணக்குப் பதிவினால் மறைந்துவிடுகின்றது.

பார்வையாளன் பெற்ற சலுகைதானும் நிலைத்ததா? 2022 நவம்பரில் நெற்பிளிக்ஸ் விளம்பரங்களுடன் கூடிய சந்தாவை அறிமுகஞ் செய்தது. 2024 ஜனவரியில் அமேசனும் விளம்பரங்களைப் புகுத்தி, அவற்றைத் தவிர்க்க விரும்புவோரிடம் மேலும் பணங் கேட்டது. கேபிளை விட்டு எவற்றுக்கு அஞ்சி வந்தனரோ, அவை இங்கும் அவர்களைத் தொடர்கின்றன.

ஆகவே, கேபிள் காலத்துக்கு மீளுமாறு நாம் கூறவில்லை; அக்காலமும் வாணிகரின் காலமே. புதிய சாதனத்தை மக்கள் கலைக்கு உரியதாக்குவதே நம் வேண்டுகோள். எழுதுவோனுக்கு அவன் உழைப்பின் பங்கு கிடைக்கவேண்டும். வெளியான படைப்பின் பிரதியொன்று பொதுக் காப்பகத்தில் இருக்கவேண்டும். விரும்பிய நேரத்திற் பார்ப்பது வசதி. பார்த்ததை நம் பிள்ளைகளும் பார்க்க முடியுமாயின், அதனை ஆக்கியோர் பசியின்றி வாழ்வாராயின், அன்று அதனைச் சுதந்திரம் என்போம்.