சுண்ணாம்புக் கோட்டு வீடு

கட்டம் போட்ட தாளில் நானே வரைந்த வீட்டு பிளானை நாலு பேரிடம் காட்டினேன். "நல்லா இருக்குப்பா" என்பதோடு சரி. தாளைப் பார்த்து யாரும் குறை சொல்வதில்லை. பாரூர் ஏரிப் பக்கத்து மனையில் மேஸ்திரி சுண்ணாம்புத் தூளால் அதையே தரையில் போட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள்.

அவர் கோடு போடும் அழகே தனி. ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குச்சி அடிப்பார். குறுக்கே சரியாக 5 அடி வந்தால்தான் மூலை மட்டம். பித்தாகரஸ் என்றால் சிரிப்பார். பிறகு கைப்பிடியிலிருந்து தூளை ஒழுகவிட்டபடியே நடப்பார். கோடு பிசகாது.

அம்மா சமையலறைக் கோட்டுக்குள் போய் நின்று கையை விரித்தாள்.

"நான் அடுப்புகிட்ட நின்னா பிரிட்ஜை எப்படிடா திறப்ப?"

சுவரின் தடிமனை நான் கணக்கிலேயே வைக்கவில்லை. இருபுறமும் 9 அங்குலம் போக, 10 அடி அறை எட்டரை அடியாகியிருந்தது. மாங்காய்க் காலத்தில் கூடைகளை எங்கே இறக்குவது என்றார் சித்தப்பா. அதற்கும் பதில் இல்லை. மேஸ்திரி காலாலேயே ஒரு கோட்டை அழித்து, இரண்டடி தள்ளிப் போட்டார். செலவு ஒரு பிடி சுண்ணாம்பு.

தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். பிரிட்ஜ் கதவைப் பற்றி மட்டும் அது கேட்காது.

வானம் தோண்டுமுன் உங்கள் அம்மாவையும் ஒருமுறை கோட்டுக்குள் நடக்கவிடுங்கள்.