மூழ்கி எழுதல்: புறம் 243உம் பெரியபுராண அப்பரும்

புறநானூற்றின் 243ஆம் பாடல் முதுமைக்குரிய முதன்மைச் சான்றாகத் தொடர்ந்து எடுத்தாளப்படுகின்றது. மருதமரத்தின் தாழ்ந்த கிளையேறி மடுவிற் பாய்ந்து, ஆழம் கண்டமைக்கு அடையாளமாக மணலை அள்ளிவந்த இளமையை, கோலூன்றி இருமலிடையே சில சொல்லே பேசவல்ல முதியவர் எண்ணி இரங்குகிறார். பாடலிலுள்ள தொடரே புலவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயராயிற்று. இதன் துறை கையறுநிலை. அது மாண்டோர்க்கு இரங்குவது; இங்கு மாண்டவர் எவருமிலர், இளமையே மாண்டது. துறை வகுத்தோரின் நுட்பம் வியக்கத்தக்கது. ஆயினும் இவ்வொரு பாடல் கொண்டு, தமிழ் மரபு முதுமையை இழப்பாகவே கண்டது என்பது பொருந்தாது.

81 ஆண்டு வாழ்ந்தவர் என மரபு கூறும் திருநாவுக்கரசரும் நீரில் மூழ்குகிறார். காசியில் உடன்வந்தோரை விடுத்துத் தனியே கயிலை நோக்கிச் செல்லும் அவருக்குத் தாள்கள் தேய்கின்றன, கைகளால் தாவுகிறார், கைகளும் கரைய மார்பினால் உந்துகிறார், பின்னர்ப் புரள்கிறார். உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய, வினைச்சொற்கள் மட்டும் ஓயாமல் தொடர்வதே சேக்கிழாரின் கவித்திறம். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிச் செல்லுமாறு கூற, காணாமல் இவ்வுடலோடு மீளேன் என மறுக்கிறார். அதன்பின்னரே உடல் நலம்பெறுகிறது. வடபுலத்துப் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுகிறார்.

உடலைப் புதுப்பித்தது அருளாயின் முதுமையின் ஆற்றல் யாது என வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் மீளேன் என்ற சொல் பிறந்தது சிதைந்த உடலினின்றே. அருள் அச்சொல்லுக்குப் பின்வந்தது.

ஐயாற்றுப் பதிகம் கயிலைப் பயணத்தை விரித்துரைப்பதில்லை. சுவடு படாமல் ஐயாறு அடைந்ததையும், களிறும் பிடியும் போன்ற இணைகளைக் கண்டதையுமே கூறுகின்றது. பயணக்கதையை விரித்தவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். புறநானூற்று முதியவர் மகளிரோடு கைகோத்தாடிய நாளை நினைவில் மட்டுமே காண்கிறார். அப்பரோ உயிர்களின் காதலைக் கண்முன் காண்கிறார். அவருக்கு அது இழந்த பொருளன்று, இறைக்காட்சி.

கயிலைக் காட்சியோடு சேக்கிழார் கதையை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. இதற்குப் பின்னரே பூந்துருத்தியில் அப்பர் கூட்டத்துள் மறைந்து, தம்மினும் மிக இளையவரான சம்பந்தரின் சிவிகையைத் தோளில் தாங்குகிறார். திருப்புகலூரில் உழவாரம் ஏந்துகிறார். அங்கு மண்ணிற் பொலிந்த பொன்னையும் மணியையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாவியில் எறிகிறார்.