பழைய பெயரின் கடன்

தமிழ்நாடு அரசிதழின் பகுதி 6, பிரிவு 4ஐ இலக்கியம் படிக்கும் யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. படிக்கலாம் என்பேன். வாரம்தோறும் அதில் பெயர்மாற்ற அறிவிப்புகள் வரிசையாக வருகின்றன. எல்லாமே ஒரே வார்ப்பு: இன்ன பெயருடைய நான், இன்னாருடைய மகன் அல்லது மகள், பிறந்த நாள் இது, இருப்பிடம் இது, இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன். எண்கணிதக்காரர் சொன்னதற்காக ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவர், மதம் மாறியவர், மணவிலக்குப் பெற்றுக் கணவர் பெயரைக் கழற்றியவர், பள்ளிச் சான்றிதழில் விழுந்த பிழையைத் திருத்தியவர், திருநங்கை, திருநம்பி, எல்லாரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஒருவருடைய வலியும் இன்னொருவருடைய ராசியும் ஒரே எழுத்தளவில் அச்சாகின்றன.

வாக்கியம் பழைய பெயரில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். புதுப்பெயர் கடைசியில்தான் வரும். யார் கண்ணிலிருந்து மறைய வேண்டும் என்று ஒருத்தி நினைக்கிறாளோ, அவர்கள் உட்பட ஊருக்கே முகவரியோடு சொல்லிவிட்டுத்தான் இந்த நாட்டில் பெயரை மாற்றிக்கொள்ள முடியும். இந்த வார்ப்புக்குள் ஒரு கடன்காரரின் முகம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. பெயரை மாற்றிக்கொண்டு யாரும் கொடுக்கல்வாங்கலிலிருந்து நழுவிவிடக் கூடாது என்ற கவலை அதன் ஒவ்வொரு சொல்லிலும் இருக்கிறது.

திருச்சியில் வளர்ந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாற்றை, கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட ‘நான், சரவணன் வித்யா’வை, இந்தக் கோணத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தோன்றியது. தலைப்பிலேயே இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்துக்குப் போனபோது அது ‘ஐ ஆம் வித்யா’ ஆயிற்று, சரவணன் உதிர்ந்துவிட்டார். கன்னடத் திரைப்படமானபோது, ‘நானு அவனல்ல அவளு’ என்று, பெயரே போய்ப் பிரதிப்பெயர் மட்டும் மிஞ்சியது. தமிழ்த் தலைப்புக்கு மட்டும் ஏன் சரவணன் தேவைப்பட்டார்? அந்தப் பெயரில் நிலுவை அதிகம் என்பதுதான் என் வாசிப்பு.

தலித் குடும்பம். பெண் பிள்ளைகளுக்குப் பிறகு வேண்டிப் பெற்ற ஆண் பிள்ளை. அப்பாவின் கனவு முழுவதும் அந்தப் பையன் தலையில் இருக்கிறது. படிப்பில் முதலிடம் தவறினால் அடி. அக்காக்களுக்குக் கிடைக்காத படிப்பும் கவனமும் அவனுக்குக் கிடைக்கின்றன. கிடைப்பது ஒவ்வொன்றும் பற்று எழுதப்படுகிறது. நம் வகுப்பறைகளில் புறநானூற்றின் 312ஆம் பாடலைத் தாய்மையின் பெருமை என்று நடத்திவிட்டுப் போய்விடுகிறோம். பொன்முடியார் அதில் தருவது உண்மையில் ஒரு கடன் பட்டியல். பெறுவது, சான்றோனாக்குவது, வேல் வடிப்பது, நன்னடை தருவது என்று தாய், தந்தை, கொல்லன், வேந்தன் நால்வரும் ஓர் ஆண் பிள்ளைக்குச் செலுத்துகிறார்கள். கடைசியில் அவன் போர்க்களத்தில் திருப்பிச் செலுத்துகிறான். அந்தக் கணக்கில் மகளுக்கு வரவுமில்லை, பற்றுமில்லை. சரவணன் என்ற பெயர் அந்தப் பழைய பேரேட்டில் எழுதப்பட்ட பெயர். கடமைக்கும் வாங்கிய பணத்துக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது நம் மொழியின் அழகு என்று மேடையில் பேசுகிறோம். அந்த ஒரே சொல் ஒருத்தியின் கழுத்தை எப்படி இறுக்கும் என்பதை இந்த நூல் காட்டுகிறது.

வித்யா வீட்டை விட்டுப் போகிறார். புனேயில் ரயில்களில் கைதட்டிப் பிச்சை எடுத்து அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கிறார். இதை அவலக் காட்சியாக மட்டும் வாசித்துக் கண்ணீர் விடுபவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். சரவணனுக்காக மற்றவர்கள் செலவழித்தார்கள். வித்யாவுக்கான செலவு முழுக்க வித்யாவுடையது. பிறகு மதுரையில் ஒரு கிராமப்புற வங்கியின் கணினிப் பிரிவில் அவர் வேலைக்குச் சேர்கிறார். பெயரே நிலையில்லாத ஒருத்தி மற்றவர்களின் கணக்குகளைப் பெயர் வாரியாகப் பார்க்கும் இடத்தில் உட்காருகிறாள். அலுவல் ஆவணங்களில் வித்யா என்று எழுதவைக்க அவர் அலைந்த காலத்தில் அதற்கென்று ஒரு சட்டமும் இல்லை.

இப்போது சட்டம் இருக்கிறது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2015இல் ரிசர்வ் வங்கி, படிவங்களில் மூன்றாம் பாலினத்துக்கு இடம் விடும்படி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் திருநர் பாதுகாப்புச் சட்டம், 2020இல் அதன் விதிகள். சட்டத்தின் 7ஆம் பிரிவு முதற்பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. முதற்பெயரை என்று கவனமாகச் சொல்கிறது. நம் ஊரில் முதற்பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அப்பாவின் எழுத்து, அதைப் பற்றிப் பேச்சில்லை. (பெண்களுக்கு அந்த எழுத்து திருமணத்தில் கைமாறும், கைமாறுவது எழுத்து மட்டுமல்ல என்பது நமக்குத் தெரியும்.) பழைய கடன், பழைய ஒப்பந்தம் என்ற பேச்சும் சட்டத்தில் இல்லை. விதிகளில் மட்டும் ஓரிடம்: பெயரும் பாலினமும் படமும் திருத்தப்பட்ட ஆவணம், மூல ஆவணத்தின் அதே வரிசை எண்ணைத் தாங்க வேண்டும்.

இந்த வரியை நான் பலமுறை படித்தேன். நல்ல வரிதான். பட்டமும் சேமிப்பும் வருங்கால வைப்பு நிதியும் கைவிட்டுப் போகாமலிருக்க எண் மாறாமல் இருப்பது அவசியம். ஆனால் பெயர் மாறும், எண் மாறாது என்றால், உரியது வந்துசேரும் அதே வழியில் நிலுவையும் வந்துசேரும். பான் எண்ணைத் தட்டினால் பழைய கடன் புதுப்பெயரின் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஸ்ரீரங்கத்தில் வாழ்பவர்களுக்குப் பெயர் மாறிய ஒருவரின் கதை நன்றாகத் தெரியும். 1323 படையெடுப்பின்போது ஊரைவிட்டுப் போன அழகிய மணவாளன் பல ஊர் அலைந்து 1371இல் திரும்பினார். அதற்குள் கோயிலில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. எது பழையது என்று அடையாளம் சொல்ல ஆளில்லை. கடைசியில் கண் தெரியாத முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் நீரைச் சுவைத்து, இவர்தான் நம்பெருமாள் என்றாராம். கோயிலொழுகு சொல்லும் கதை. அன்றிலிருந்து அதுவே பெயர். பழைய பெயரை யாரும் மறைக்கவுமில்லை, அதைச் சொல்லி அவரைக் குத்தவுமில்லை. ஊரில் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்ட ஒரு மனிதரின் நாக்கு போதுமானதாக இருந்தது. கடவுளுக்குக் கிடைத்த இந்த எளிமையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எதிர்பார்க்க முடியாதுதான். இருந்தாலும் அடையாளம் காண்பதற்கும் காட்டிக்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை யோசிக்கையில் எனக்கு இந்தக் கதை உதவுகிறது.

வேறுபாடு எனக்கு உறைத்தது ஒரு மாணவியால். பெயர் சொல்லப்போவதில்லை, இரண்டு பெயரையும். பொறியியல் முடித்துவிட்டு, இடையில் சில ஆண்டுகள் காணாமல்போய், பிறகு தமிழ் முதுகலை படிக்க வந்தவள். சான்றிதழ் இருக்கிறது, அரசிதழ் அறிவிப்பு இருக்கிறது, ஆதாரில் புதுப்பெயர். உறையூரில் ஓர் அறையில் இருக்கிறாள். பெற்றோர் வீடு ஸ்ரீரங்கத்தில். காவிரிப் பாலம் தாண்டினால் பழைய பெயர் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பொறியியலுக்கு வாங்கிய கல்விக்கடன் பழைய பெயரில் கிடக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. பெற்றோரில் ஒருவரை இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வைக்கிறார்கள். கையெழுத்திட்டவர் அப்பா. தையல் கடை.

வசூலுக்கு வந்தவர்கள் வீட்டு வாசலில் நின்று “உங்க பையன் எங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா சொன்ன பதில் அம்மா வழியாக இவளுக்கு வந்தது: “அவன் செத்துட்டான்னு எழுதிக் குடுத்துடறேன்.” வந்தவர் பதற்றப்படவில்லை. அப்படியானால் முழுத் தொகையும் நீங்கள்தான் கட்ட வேண்டும், இணைக் கடனாளி நீங்கள்தானே என்று விளக்கினாராம். மகன் இறந்தாலும் மகனுடைய கடன் இறக்காது என்பதை அந்த வீடு ஒரு வங்கி முகவரிடமிருந்து தெரிந்துகொண்டது.

தோழி ஒருத்தி இவளுக்கு யோசனை சொல்லியிருந்தாள். மூன்றாண்டு வாய்மூடி இரு, காலவரையறை தாண்டிவிடும். முழுப்பொய் இல்லை. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அப்படித்தான் வேலை செய்கிறது. கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் இவள் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மாதமும் வாசலில் நிற்கப்போவது அப்பா. தன்னை இறந்தவளாக்கத் தயாராக இருக்கும் மனிதருக்காக, அவள் கட்ட விரும்பினாள். கட்டுவதற்கோ, கிளைக்குப் போய்ப் பழைய பெயரைச் சொல்லி அது நான்தான் என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

“மேம், அத எழுதாம இருக்கத்தானே இவ்வளவும் பண்ணேன்?” என்று கேட்டாள்.

அவள் அழவில்லை, கோபமாகத்தான் கேட்டாள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். திருநர் அரசியலில் பழைய பெயரைச் சொல்லக் கூடாது என்பது நெடிய அவமானங்களிலிருந்து பிறந்த நெறி. மருத்துவமனை வரிசையில், தேர்வுக் கூடத்தில் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடுவது அடிப்பதற்குச் சமம். அப்படியிருக்க வித்யா ஏன் அட்டையிலேயே அச்சிட்டார் என்று வகுப்பில் சிலர் கேட்பதுண்டு. வித்யா சொல்வதும் வங்கி முகவர் சொல்வதும் ஒன்றல்ல. ஒருத்தி தன் பழைய பெயரைத் தானே எடுத்து, தான் தேர்ந்த இடத்தில் வைக்கும்போது அது அவளுடைய சொத்து. நூலில் சரவணன் என்ற பெயர் வரும் இடமெல்லாம் பேனா வித்யாவின் கையில் இருக்கிறது.

நாங்கள் எழுதிய கடிதம் இதை வைத்துத்தான் உருவானது. வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் விதிகளில் ஒரு வாக்கியம் இருக்கிறது: ஆவணம் தரப்பட்ட பிறகு பெயர் மாறியிருந்தாலும், அரசு தந்த திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ இருந்தால் ஆவணம் செல்லும். திருமணமும் அரசிதழும் ஒரே மூச்சில். கணவன் பெயரைச் சேர்த்துக்கொண்டு வரும் பெண்ணை எந்த வங்கியும் வாசலில் நிறுத்தி உன் பழைய பெயர் என்ன ஆயிற்று என்று உரக்கக் கேட்பதில்லை. அவளுடைய பெயர்மாற்றம் இயற்கையாகிவிட்டது, காரணம் அது அவளை இன்னொருவர் வீட்டில் சேர்க்கிறது. தானே தனக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் சந்தேகத்துக்குரியது.

கடிதத்தில் பழைய பெயர் ஒரே ஓர் இடத்தில், கடன் கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில், வருகிறது. மற்ற இடமெல்லாம் ‘என் கணக்கு’. இணைப்பாக அரசிதழ்ப் பக்கமும் அடையாளச் சான்றிதழும். மூன்று கேட்டோம். இனி எல்லாத் தொடர்பும் என் கைபேசிக்கும் என் முகவரிக்கும் வரட்டும். வசூல் முகவர்கள் பெற்றோர் வீட்டில் என்னைப் பற்றி எதுவும் பேசக் கூடாது. கடன் ஆவணத்தில் பெயரைத் திருத்துங்கள். மகன், மகள் என்ற சொற்களை எழுதி அடித்துவிட்டோம். வங்கிக்கு அவள் தர வேண்டியது பணம். 312ஆம் பாட்டின் கணக்கு வங்கியிடம் இல்லை, அதை அங்கே தீர்க்கவும் முடியாது. அப்பாவிடம் அதைத் தீர்ப்பதா வேண்டாமா என்பது அவள் பாடு.

கிளையில் மேலாளர் கடிதத்தைக் கதவைச் சாத்திவிட்டு வாசித்தார். முதல் இரண்டு கோரிக்கைகளை அன்றே ஏற்றார். மூன்றாவதற்குக் கூடுதல் ஒப்பந்தம் போட வேண்டும், அதில் இணைக் கடனாளியும் கையெழுத்திட வேண்டும் என்றார். இப்போது ஒரே பான் எண்ணின் கீழ் சேமிப்புக் கணக்கு புதுப்பெயரிலும் கடன் கணக்கு பழைய பெயரிலும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாதாமாதம் 5ஆம் தேதி பணம் போகிறது. நான்கு தவணை கட்டிவிட்டாள். ஒப்பந்தத் தாளை அம்மா தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருக்கிறார்.