சுவருக்கு அப்பால் கேட்கிறதா?

கேளம்பாக்கம் சந்திப்பில் நின்றுகொண்டு நான்கு திசைகளையும் எண்ணிப் பாருங்கள். வடக்கே படூர், தெற்கே காலவாக்கம், மேற்கே வண்டலூர்ச் சாலை. மூன்று பக்கமும் பொறியியல் கல்லூரிகள், மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகங்கள். கிழக்கே மட்டும் உப்பங்கழி. அதைக் கடந்தால் கோவளம், மீனவர் வாழும் ஊர். மாணவர்கள் நாள்தோறும் பேருந்து பேருந்தாக வந்திறங்கும் இவ்வட்டாரத்தில், கல்விக்கூடங்கள் பேசுவது ஊராருக்குக் கேட்கிறதா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

கல்விக்கூடங்கள் பேசாமல் இல்லை. வளாக வானொலி என்று ஒன்று உண்டு. பாட்காஸ்ட் என வழங்கும் வலையொலி என்று மற்றொன்று உண்டு. இரண்டிலும் மாணவர்களே எழுதி, பேசி, பதிவு செய்கின்றனர். அண்மையில் இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றைக் கேட்டேன். பொருள் பெரும்பாலும் மூன்றே: தலைமைப் பண்பு, சமூக வாழ்வு, நடப்புச் செய்தி. எந்த நிகழ்ச்சியின் பெயரையும் நான் இங்கே குறிப்பிடப்போவதில்லை. குறை ஏதேனும் இருப்பின் அது ஒரு கல்லூரியினுடையதன்று. இந்த வகைக்கே உரியது.

முதலில், கல்விக்கூடத்து வானொலி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையில் ஏர்ல் டெர்ரி என்ற பேராசிரியர் நடத்திய சோதனை நிலையத்துக்கு 9எக்ஸ்எம் என்று பெயர். 1916-இல் அது வானிலை முன்னறிவிப்பைத் தந்திக் குறிகளாக ஒலிபரப்பத் தொடங்கியது. 1921 ஜனவரியில் அதையே மனிதக் குரலில் சொன்னது. கேட்டவர்கள் யார்? வைக்கோலை நனையவிடலாமா கூடாதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உழவர்கள். அந்த நிலையம் வாயைத் திறந்தபோது முதலில் சொன்ன செய்தியே சுவருக்கு வெளியே இருந்தவனுக்கானது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இதற்குக் கதவு திறக்க நெடுங்காலம் ஆயிற்று. 1924-இல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் தனியார் முயற்சியால் தோன்றி ஒலிபரப்பியது உண்மையே. பணமின்றி 1927-இல் மூடிற்று. பின்னர் ஒலிபரப்பு அரசின் தனிச்சொத்தாகவே இருந்துவந்தது. வானலைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்கள் தமக்கென நிலையம் அமைக்க அரசு இசைந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாக சமூக வானொலி அதுவே. விந்தை என்னவென்றால், 'பாட்காஸ்ட்' என்ற சொல்லை பென் ஹேமர்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் முதன்முதலாக எழுதியதும் அதே மாதத்தில்தான்! இன்று ஒன்றோடொன்று போட்டியிடும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

அண்ணா எஃப்.எம். செய்தவற்றுள் நான் பெரிதாக மதிப்பது, சுற்றுப்புறக் குடியிருப்புப் பெண்களை ஒலிவாங்கியின் முன் அமரச் செய்து, உடல்நலம், ஊட்டச்சத்து பற்றிய அறிவியலை அவர்கள் பேச்சிலேயே சொல்லவைத்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இதற்குத் துணை நின்றது. சோகை என்றால் என்ன என்பதை ஒரு மருத்துவர் மேடைத்தமிழில் விளக்குவதற்கும், கோட்டூர்புரம் பக்கத்துக் குடும்பப் பெண் தன் அண்டைவீட்டாரிடம் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னது காதில் நிற்கும்.

சரி, கிண்டியின் இந்தக் குரல் கேளம்பாக்கம்வரை எட்டுமா? எட்டாது. காரணம் இயற்பியல் பாதி, சட்டம் பாதி.

90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.3 மீட்டர். இத்தகைய அலைகள் மத்திய அலைகளைப் போல நிலத்தைத் தழுவிக்கொண்டு நெடுந்தொலைவு போவதில்லை. சிற்றலைகளைப் போல அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதும் இல்லை. ஏறத்தாழப் பார்வைக்கோட்டிலேயே செல்கின்றன. பூமி உருண்டை ஆதலால், கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் அளந்து அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அலை தொடும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமூக வானொலிக்கு அனுமதிக்கப்படும் கோபுர உயரம் அதிகமாகப் போனால் 30 மீட்டர். எனவே அடிவானம் சுமார் 22 கி.மீ. ஆனால் அலைபரப்புத் திறனும் பொதுவாக 100 வாட்டுக்கு மேற்படக்கூடாது என்பது விதி. பழைய குண்டு விளக்கு ஒன்றின் திறன்தான். அதைக் கொண்டு கான்கிரீட் கட்டடங்களையும் குன்றுகளையும் கடந்து தெளிவாகக் கேட்கச் செய்யக்கூடிய தொலைவு ஏறத்தாழ 10 கி.மீ. கிண்டியோ கேளம்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் 25 கி.மீ. மேற்கே காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். நடத்தும் 'முத்துச்சரம்' சமூக வானொலியோ ஏறத்தாழ 20 கி.மீ.; இடையில் வண்டலூர்ப் பக்கத்துக் குன்றுகள் வேறு.

இந்தக் குறுகிய எல்லையைக் குறை என்றே பலரும் கருதுகின்றனர். நான் அதை வரம் என்பேன். பத்துக் கிலோமீட்டருக்குள் கேட்பவர் யார் என்பது ஒலிபரப்புவோனுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். கோவளத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில் 'பயணிக்க ஏற்ற தீவுகள்' என்று பேசினால் மறுநாளே கடைத்தெருவில் யாராவது கேட்டுவிடுவார்கள். ஒரே அலைவெண்ணைத் தொலைவிலுள்ள மற்றொரு நிலையத்துக்கும் கொடுக்கலாம் என்பது இன்னொரு நன்மை. அண்ணா எஃப்.எம். பயன்படுத்தும் அதே 90.4-இல்தான் பாம்பன் தீவின் 'கடல் ஓசை'யும் 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிபரப்பி வருகிறது. ஒன்றை ஒன்று இடிப்பதில்லை. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி அவ்வட்டார மக்களின் பங்கேற்போடு உருவாகவேண்டும் என்றும் விதி சொல்கிறது. இதைக் கல்லூரி நிர்வாகங்கள் சுமையாகக் கருதுகின்றனவா, வாய்ப்பாகக் கருதுகின்றனவா என்பதில்தான் ஒரு நிலையத்தின் தரமே அடங்கியிருக்கிறது.

வலையொலிக்கு இந்த எல்லை இல்லை. கேளம்பாக்கத்தில் பதிவு செய்தது டொராண்டோவில் கேட்கும். அரைமணி நேரப் பேச்சை விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் சுருக்கினால் 14.4 மெகாபைட், மாணவர் ஒருவருக்கு இது பொருட்டே அன்று. பாடத்தை மீண்டும் மீண்டும் கேட்கலாம், ஐந்தாண்டு கழித்தும் கேட்கலாம். இந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் வலையொலியைக் கேட்க அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிந்திருக்கவேண்டும், தேடத் தெரியவேண்டும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் தலைப்பைப் படிக்கவும் வேண்டும். கல்லூரி வாயிற்காவலர் இரவுப் பணியில் எதைத் திருகினால் அது கேட்கும்? உலகமே கேட்கலாம் என்ற நினைப்பில், அடுத்த தெருவுக்குப் பேசும் பழக்கம் நழுவிவிடுகிறது.

இப்போது தலைமைப் பண்புக்கு வருவோம். இதுதான் எனக்கு மிகவும் மனக்குறை தரும் பகுதி. நிகழ்ச்சியின் அமைப்பு மாறுவதே இல்லை: முன்னாள் மாணவர் ஒருவர், இப்போது பெரிய நிறுவனத்தில் உயர்ந்த பதவியில் இருப்பவர், வருகிறார். "உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன?" என்று கேட்கிறார்கள். அதிகாலையில் எழுவேன், துணிந்து முடிவெடுப்பேன், தோல்விக்கு அஞ்சமாட்டேன் என்கிறார். அறிவியல் பயிலும் மாணவர்கள் இதை எப்படிக் கேள்வியின்றி ஏற்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போரின்போது, கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் ஆபிரகாம் வால்டு என்ற கணித அறிஞர் இருந்தார். குண்டுவீச்சு விமானங்களின் எந்தப் பகுதி தாக்குதலுக்கு எளிதில் இரையாகும் என்று கணக்கிடும் முறையை 1943-இல் அவர் வகுத்தார். கையில் இருந்தவையோ திரும்பி வந்த விமானங்களின் துளைகள் பற்றிய விவரங்கள் மட்டும். துளைகள் மிகுந்த இடத்தில் கவசம் பூட்டத் தோன்றும் அல்லவா? வால்டின் தருக்கமோ நேர்மாறானது. அங்கே துளைபட்டும் விமானம் திரும்பிவிட்டதே. எங்கே துளைபட்டவை திரும்பவே இல்லையோ அந்த இடமல்லவா ஆபத்தானது! வராதவற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதே அவர் முறையின் உயிர். (இந்த வால்டின் வாழ்க்கை நம் மாநிலத்தில்தான் முடிந்தது. விரிவுரைப் பயணமாக இந்தியா வந்திருந்த அவரும் அவர் மனைவியும் 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டனர்.)

தலைமை நிகழ்ச்சிகளில் பேசுவோர் அனைவரும் திரும்பி வந்த விமானங்களே. அதிகாலையில் எழுந்தும், துணிந்து முடிவெடுத்தும் கடையை மூடியவர் ஒருவரையாவது அழைத்திருக்கிறார்களா? வெற்றியாளர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் தேடுவது எந்த ஆய்வுக்கூடத்திலும் செல்லாது. ஒலிப்பதிவுக்கூடத்தில் மட்டும் செல்கிறது. ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி கடன் தவணையை எப்படி வசூலிக்கிறார், இரண்டு பேர் கட்டாமற்போனால் என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தால், அதுவும் தலைமைதானே? தோல்வியும் சேர்ந்த விவரம் அங்கே கிடைக்கும். அந்த அம்மாவோ ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருப்பார்.

இந்த நிகழ்ச்சிகள் இவ்வளவு பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சமூக வானொலிகள் தாமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக்கூடாது என்பது 2006 நெறிமுறை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி மறு ஒலிபரப்பு செய்ய மட்டும் பின்னர் இசைவு கிடைத்தது. 2024-இல் வெளியான திருத்திய நெறிமுறைகளிலும் தடை நீங்கவில்லை. செய்தி கூடாது என்றதும், எவரையும் உறுத்தாத பொருள் ஒன்று தேவைப்பட்டது. தன்னம்பிக்கைப் பேச்சு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. சரி, வலையொலிக்கு இந்தத் தடை இல்லையே! ஆயினும் அங்கேயும் அதே பேச்சுதான் தொடர்கிறது. நடப்பு விவகாரம் என்று பேசினாலும் அமெரிக்கத் தேர்தலையும் செயற்கை நுண்ணறிவையும் பேசுகிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கியதையும், அதன் நீர் ஒக்கியம் மடுவு வழியாக வடிய வேண்டியிருப்பதையும், தாம் வந்துபோகும் சாலை மழையில் ஏன் மூழ்குகிறது என்பதையும் பேசுவது அரிதாக இருக்கிறது. அச்சம் சட்டத்திலிருந்து வந்தது. சட்டம் இல்லாத இடத்திலும் பழக்கமாய் ஒட்டிக்கொண்டது.

2015 டிசம்பர் 1-ஆம் நாளிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. மின்சாரம் போயிற்று, கைப்பேசிக் கோபுரங்கள் பல ஓய்ந்தன. அத்தகைய இரவில் வலையொலி உதவாது, ஏனெனில் அது வருவதே இணையத்தின் வழியாக. இரண்டு பேட்டரியில் ஓடும் சிறு வானொலிப் பெட்டி உதவும், யாராவது அருகிலிருந்து பேசினால். அந்த வெள்ளத்தின்போது கடலூரில் 107.8 மெகாஹெர்ட்ஸில் 'பேரிடர் கால வானொலி' என்ற தற்காலிக நிலையத்தை மாவட்ட நிர்வாகம் அமைத்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் 'புதுவை வாணி' வளாக வானொலியினர் அதற்குக் கைகொடுத்தனர். பாட்டும் பேட்டியுமாக நாள்தோறும் ஒலிபரப்பிப் பழகியவர்களின் திறமை வெள்ளத்தில் பயன்பட்டது. பழக்கம் இல்லாதவர்கள் அன்றைக்குப் புதிதாகக் கற்றிருக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மீண்டும் அதே இருட்டு, அதே தொடர்பற்ற நிலை.

கல்லூரி மாணவர் எவரும் செய்யக்கூடிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். வளாகத்தில் ஒரு மழைமானி. தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு. இந்திய வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. அந்த எண்ணையும், பக்கத்து ஏரியின் நீர்மட்டத்தையும், கடல்நிலை பற்றி அரசு விடுக்கும் எச்சரிக்கையையும் மூன்று நிமிடத்தில் தமிழில் சொல்லுங்கள். நிலையம் இருந்தால் வானொலியில். இல்லையேல் வலையொலியில், கைப்பேசி வழியே குப்பத்துச் சங்கத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் அனுப்பினாலும் போதும். பதிவுகள் சேரச் சேர, ஓராண்டு கழித்துக் கேளம்பாக்கத்துக்கென்று ஒரு மழைக்கணக்கே கிடைக்கும். அங்கே வலையொலியின் சேமிப்புத் திறன் கைகொடுக்கிறது.

கேட்கும் கருவி பற்றியும் ஒரு சொல். கைப்பேசியில் எஃப்.எம். வானொலி இயங்கும்போது காதொலிக் கருவியின் கம்பியே அலைவாங்கியாகப் பயன்படுகிறது. அதன் நீளம் இந்த அலைகளைப் பெறப் போதுமானது. கம்பியில்லாக் கருவிகள் பெருகிய பின் பல கைப்பேசிகளில் அந்தத் துளையும் போயிற்று, வானொலியும் போயிற்று. கைப்பேசிகளில் எஃப்.எம். வசதி இருக்கவேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அது கட்டளை அன்று, அறிவுரைதான். அடுத்த முறை கைப்பேசி வாங்கும்போது, படம்பிடிக்கும் கண் எத்தனை என்று கேட்பதோடு, "இதில் எஃப்.எம். உண்டா?" என்றும் கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள்.