மனோன்மணீயம்: இரவலா, வழிநூலா?

திருவனந்தபுரத்துத் தமிழர்க்கு மனோன்மணீயம் முன்னோர் வைத்துச் சென்ற செல்வம் போன்றது. இந்நகர் மகாராஜாக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்த பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891-இல் அந்நாடகத்தை வெளியிட்டார்கள். அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடலாகவும் அறிவித்தது.

இச்சிறப்பை எடுத்துரைக்கும் மேடைகளில் ஒரு செய்தி மட்டும் தணிந்த குரலில் சொல்லப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். நாடகத்தின் கதை, ஆங்கிலக் கவிஞர் லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட தொகுதியில் உள்ள 'இரகசிய வழி' என்னும் கதையைத் தழுவியது என்பதே அது. இதனைப் பிடித்துக்கொண்டு, 'இரவல் நூல்தானே!' என்று இகழ்வாரும் உளர். போற்றுவார் மறைக்கின்றனர், தூற்றுவார் பறைசாற்றுகின்றனர். கடன் என்றாலே இழுக்கு என்று கொள்வதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். நாம் அவ்விரு சாராரோடும் உடன்படுவதற்கில்லை.

பிறர் நூலைத் தழுவுதலைத் தமிழ் இலக்கணம் குற்றமெனக் கூறவில்லை. தொல்காப்பியர் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாக்கினார். தொகுத்தும், விரித்தும், அவ்விரண்டும் கலந்தும், மொழிபெயர்த்தும் வழிநூல் செய்யலாம் என்றார். வழிநூல் செய்வோன் தனக்கெனச் சில வேறுபாடுகளையும் கூறவேண்டும் என்பது நன்னூலார் கருத்து. மணிமேகலை ஆசிரியர் குறளை எடுத்தாளும்போது, அது வேறொரு புலவர் மொழி என்று சுட்டியே எடுத்தாண்டார். இவற்றினின்று நாம் இரண்டு அளவுகோல்களைப் பெறலாம். ஒன்று, கொண்டதை ஒளியாமை. மற்றொன்று, கொண்டதைத் தன் மண்ணில் வேரூன்றச் செய்தல்.

முதல் அளவுகோலுக்கு விடை எளிது. கதையின் மூலம் எது என்பதைச் சுந்தரனார் தம் முன்னுரையிலேயே கூறிவிட்டார். தாம் பெற்றதை மறைக்கும் இயல்பு அவருக்கு இல்லை. தமக்கு மெய்யியல் கற்பித்த ஆர்வி துரையின் பெயரால் பேரூர்க்கடையில் தம் இல்லத்துக்கு ஆர்விபுரம் என்று பெயரிட்ட பெருமகன் அவர். இனி, லிட்டனும் அக்கதையைத் தாமே படைத்தவரல்லர்; கனவில் ஒருவரையொருவர் கண்டு காதலித்த இளவரசனையும் இளவரசியையும் பற்றி அத்தினேயசு என்னும் பழைய கிரேக்க நூலாசிரியர் எழுதிவைத்த கதை அது.

இரண்டாம் அளவுகோலே நமக்கு முதன்மையானது. கனவுக் காதல், அரசர் பகை, மறைவழி ஆகிய மூன்றும் லிட்டனிடம் உள்ளன. ஆனால் சுந்தரனாரின் நாடகத்தில் போர் மூள்வது நாஞ்சில் நாட்டின் உரிமை குறித்தன்றோ? மணத்தூது செல்ல வேண்டிய பலதேவன், திருவனந்தபுரத்து அவையில் நாஞ்சில் நாட்டு வழக்கை எழுப்பிப் பகை விளைக்கிறான். அவ்வழக்கு இப்பகுதி மக்களின் நெஞ்சை நேரே தொடுவது. மறைவழியும் இங்கே வெறும் கதைக்கருவியாக நிற்கவில்லை. சீவகன் உயிரையும், குடிலன் மாயையையும், சுந்தர முனிவர் அருட்குருவையும் குறிப்பர் என்று உரைகாண்போர் கூறுவர். அவ்வாறு காணுமிடத்து, முனிவர் அமைத்த சுருங்கை அருள் நெறியாகவே விளங்குகிறது. இப்பொருள் லிட்டனிடமிருந்து வந்ததன்று. சைவ மெய்யியலில் தோய்ந்த உள்ளத்திலிருந்து வந்தது.

கதையிற் கண்ட இவ்வுண்மை நடைக்கும் பொருந்தும். அங்கம், களம் என்னும் பகுப்பும், குடிலனின் தனிமொழிகளும் சேக்சுபியரை நினைவூட்டுவன. எனினும் அவருடைய ஆங்கில யாப்பைத் தமிழில் போலச்செய்ய சுந்தரனார் முயலவில்லை. அவ்வேலையைச் சங்கப் புலவர் வளர்த்த ஆசிரியப்பாவிடம் ஒப்படைத்தார். பிறரது நடையை நகல் செய்வோன் ஓசையைக் கவர்கிறான். அதனால் ஊக்கம் பெறுவோன், அவ்வோசை செய்த வேலைக்குத் தன் மொழியில் உரிய கருவியைத் தேடுகிறான்.

ஈண்டு நாம் நடுவுநிலை தவறலாகாது. நாடகத்துள் வரும் சிவகாமி சரிதம், கோல்ட்சுமித்தின் 'துறவி' என்னும் கதைப்பாடலை அடியொற்றியது. ஆண் வேடம் பூண்ட நங்கை, துறவியின் குடில், அத்துறவியே அவள் பிரிந்த காதலன் என்ற கட்டுக்கோப்பு பெரிதும் மாறவில்லை. செய்யுள் இனியதே, ஆயினும் நாஞ்சில் வழக்கைப் போல நாடகத்தின் உயிர்நாடியாக அது அமையவில்லை என்றே நாம் கருதுகிறோம். கோல்ட்சுமித்தும் அப்பாடலைப் பிறரிடமிருந்து கவர்ந்தார் என்று 1767-இல் ஓர் இதழில் பழி சுமத்தப்பட்டு, மறுப்பு எழுத நேர்ந்தது.

இதற்கு நேர்மாறானது நடராசனின் தனிமொழி. மண்ணைக் கிளறி உழவர்க்கு உதவும் நாங்கூழ்ப் புழுவின் ஓயா உழைப்பை அவன் வியந்து பாராட்டுகிறான். மண்புழுக்கள் மண்ணைப் பண்படுத்துவதைப் பற்றி டார்வின் எழுதிய நூல் 1881-இல் வெளிவந்தது. அவ்வறிவியற் செய்தி கவிஞரை எட்டியிருப்பினும், நாடகத்தில் நாம் காண்பது செய்தியன்று. சிற்றுயிரின் தொண்டில் உலக ஒழுங்கைக் காணும் ஒரு தமிழ் நெஞ்சம். கடன் இங்கே முற்றும் கரைந்து கவிதையாகிவிட்டது.

ஆகவே, ஒரே நூலில் தழுவலும் உண்டு, ஆக்கமும் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டுவது திறனாய்வின் கடமை. ஆசிரியரே நாணாமல் எழுதிவைத்ததை நாம் நாணி மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகுமா? நம் சங்க மேடைகளில் லிட்டனின் கதையையும் மனோன்மணீயத்தையும் அருகருகே வைத்துப் படிப்போம். சுந்தரனார் பெற்றது எவ்வளவு, தந்தது எவ்வளவு என்பதை நம் இளைஞர்கள் தாமே கண்டு கொள்வார்கள்.