தீட்சை யாருக்கு?

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கான அறிமுகப் பயிற்சி பற்றி, பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ஒரு கையேடு வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் 'தீக்ஷாரம்ப்'. தமிழில் சொன்னால் தீட்சை ஆரம்பம். பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். தீட்சை என்ற சொல்லுக்கும் நம் சனங்களுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. யாருக்குத் தீட்சை உண்டு, யாருக்குக் கிடையாது என்று பிரித்துத்தான் இந்த நாட்டில் படிப்பை ஒரு சில வீடுகளுக்குள் பூட்டி வைத்தார்கள். பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் தில்லைக் கோயிலுக்குள் போவதற்கு முன்னால் தீக்குள் இறங்கவேண்டி இருந்தது. தீயிலிருந்து எழுந்து வந்தவர் பூணூல் போட்ட முனிவர். அவருக்குத்தான் உள்ளே அனுமதி. ஆதனூர்ச் சேரியிலிருந்து கிளம்பிவந்த நந்தன் கடைசிவரை உள்ளே போகவே இல்லை. கோயில் தன் வாசலில் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. வந்தவன்தான் உருமாறவேண்டி இருந்தது.

இன்றைய அறிமுக வகுப்புகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்: மாறவேண்டியது யார்?

மயிலாப்பூர், அடையாறு பக்கத்துக் கல்லூரிகளில் பகுதிநேர விரிவுரையாளனாக ஓடிக்கொண்டிருக்கிறவன் நான். ஒவ்வொரு வருடமும் இந்த வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் எங்கேயும் ஒரே மாதிரிதான். கூச்சத்தைப் போக்குகிறோம் என்று ஒரு விளையாட்டு. ஒவ்வொருவராக எழுந்து பேர், சொந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், அப்பா என்ன செய்கிறார், பொழுதுபோக்கு என்ன என்று சொல்லவேண்டும். லஸ் பக்கத்துப் பையன் கணீரென்று சொல்லிவிட்டு உட்காருகிறான். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்துவந்த நம்ம புள்ள எழுந்ததும் பள்ளிக்கூடத்தின் பேரை முழுங்குகிறது. அப்பா வேலைக்கு 'கவர்மெண்டு' என்று ஒரு வார்த்தை. மாநகராட்சி துப்புரவுப் பணி என்று சொல்வதற்கு அந்த அறையில் இடம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியும். நடத்துகிறவர் 'கான்ஃபிடன்ஸ் பத்தலை' என்று எழுதிக்கொள்கிறார்.

இது புதுசு இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சொல்கிறார். சுமார் 400 மாணவர்களில் 10 பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். பழகினால் ஊர், குலம், இருப்பிடம் எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து, பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் உள்ளே போயிருக்கிறார். விட்டதும் யாரும் பிடித்துப் பேசிவிடக்கூடாது என்று வேகமாக வீட்டுக்கு நடந்திருக்கிறார். எந்தக் கேள்விகளுக்குப் பயந்து அவர் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாரோ, அதே கேள்விகளைத்தான் இன்றைக்கு மைக் வைத்து, சிரித்த முகத்தோடு, வட்டமாக உட்காரவைத்துக் கேட்கிறார்கள். கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். அந்தக் கேள்வி யாரைக் குத்தும் என்று யோசிக்கவேண்டிய அவசியம் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கால மேலாண்மை. கோட் போட்டுக்கொண்டு வருகிறவர், எல்லோருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான், அதை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் வெற்றி என்கிறார். எல்லோருக்கும் 24 மணி நேரம் என்பது பொய். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் இருந்த நம் குடிசைகளை எடுத்து, சனங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2022இல்கூட ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தார்கள். பாட்டி காலத்தில் மயிலாப்பூரில் இருந்த குடும்பத்துப் பெண், இன்று மயிலாப்பூர்க் கல்லூரிக்கு வர சுமார் 20 கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறாள். தண்ணி பிடித்து, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வருகிறாள். முதல் மணிக்குப் பத்து நிமிஷம் தாமதமானால் வாசலில் நிற்கவைக்கிறார்கள். அவளுடைய நேரத்தை எடுத்துக்கொண்டது யார்? இதைப் பேசாத கால மேலாண்மை வகுப்பு அவளுக்கு என்ன சொல்லித்தருகிறது? உன் தாமதத்துக்கு நீதான் காரணம் என்று சொல்லித்தருகிறது.

பிறகு 'உலகளாவிய மனித மதிப்பீடுகள்'. தொழில்நுட்பக் கல்விக் குழு 2018 மாதிரிப் பாடத்திட்டத்தோடு வைத்த மூன்று வார அறிமுகப் பயிற்சியில் இதற்குத்தான் முக்கிய இடம். இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று குழு பிரித்து உரையாடச் சொல்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பேச்செல்லாம் இணக்கம் பற்றியது: தன்னோடு இணக்கம், குடும்பத்தோடு இணக்கம், சமூகத்தோடு இணக்கம், இயற்கையோடு இணக்கம். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்துவைத்த சமூகத்தோடு சேரிப் பிள்ளை எப்படி இணக்கம் காண்பது? முரண்பாட்டைச் சமூகத்திலிருந்து பிடுங்கி மாணவனின் மனசுக்குள் நட்டுவிட்டு, நீ உன்னைச் சரிபண்ணிக்கொள் என்கிறார்கள். கருத்தியல் வேலை செய்வது இப்படித்தான்.

இந்த வகுப்புகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970 மே மாதம் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். தலைவர் தாமஸ் ஜோன்ஸ் தன் அலுவலகத்துக்குள்ளேயே முற்றுகையில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பின் அவர் யோசித்து 1972இல் தொடங்கியதுதான் 'யுனிவர்சிட்டி 101' என்ற புதுமுக மாணவர் கருத்தரங்கு. அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பு மாணவர்களை மறுபடி உள்ளே விட்டதே 1963இல்தான் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மாணவர் கலகத்தைத் தணிக்கும் நோக்கம் அதில் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜோன்ஸுக்கு ஒன்று புரிந்திருந்தது. மாணவர் ஏன் கோபப்படுகிறார்கள் என்பது ஆசிரியர்களுக்கே தெரியவில்லை. அதனால் இந்த வகுப்பை எடுக்கிற ஆசிரியர்கள் முதலில் பயிற்சிக்கு உட்காரவேண்டும் என்று வைத்தார். நம்மாட்கள் வகுப்பை மட்டும் இறக்குமதி பண்ணிக்கொண்டார்கள். ஆசிரியர் உட்காரவேண்டிய நாற்காலி இங்கே காலியாகவே கிடக்கிறது.

அந்த நாற்காலி காலியாக இருப்பதால் என்ன நடக்கும்? சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போன செந்தில்குமாருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவே இல்லை. 2008 பிப்ரவரியில் அவர் விடுதி அறையில் செத்துப்போனார். அதே பல்கலைக்கழகத்தில் 2016இல் ரோஹித் வெமுலா. இவர்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பா குறைந்துபோனது? நம்ம அடையாறு பக்கத்து ஐஐடியில் 2018 டிசம்பரில் ஓர் உணவுக்கூடத்தில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் கேள்வி கேட்டதும் எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் செய்த வேலை என்றது நிர்வாகம். யார் ஒட்டினாலும் சரி, வாசலில் ஒட்டிய அந்தத் தாளிலிருந்து புதுசாக வந்த பையன் கற்றுக்கொள்வது மூன்று வார வகுப்பில் கற்பதைவிட அதிகம்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையான அறிமுக வகுப்பு எப்போதும் வேறு இடத்தில்தான் நடந்திருக்கிறது. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி மாதிரி இடங்களில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, மூத்த அண்ணன்கள் நடத்துவார்கள். 'தம்பி, ஸ்காலர்ஷிப் ஃபாரத்துல இந்த இடத்துல தப்பு பண்ணா ஒரு வருஷம் காசு வராது.' 'அந்த சாரு வைவால சாதி கேப்பாரு, பயப்படாத, பேப்பர்ல எழுதி வெச்சிக்க.' 'பரீட்சைக் கட்டணம் கட்டச் சொன்னா அரசாணை நம்பரைச் சொல்லு.' கால மேலாண்மையும் தன்னம்பிக்கையும் அந்தப் பேச்சிலேயே இருந்தன. 2014இல் ஐஐடி மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தொடங்கியதும் இந்த மரபில்தான். 2015 மே மாதம் நிர்வாகம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பில் ஜூனில் திருப்பிக் கொடுத்தது. புதியவர் உள்ளே வந்து உட்காருவதற்கு மாணவர்களே போட்ட திண்ணையை நிர்வாகம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அந்த இரண்டு வாரம் போதும்.

அறிமுக வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுப்பது எப்படி, இன்டர்னல் மார்க் என்றால் என்ன, அரியர் விழுந்தால் என்ன செய்வது என்பதை வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு அண்ணனோ சித்தப்பாவோ சொல்லிவிடுவார்கள். நம் பிள்ளைக்குக் கல்லூரிதான் சொல்லவேண்டும். நான் கேட்பது அதன் உள்ளடக்கத்தை.

அறிமுகம் என்ற பேரில் ஊரும் அப்பா வேலையும் கட்-ஆஃப் மார்க்கும் கேட்பதை நிறுத்துங்கள். சாதிப் பேரை வகுப்பில் உரக்கச் சொல்வதும், இடஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவதும் பாகுபாடு என்று மானியக் குழுவே 2012இல் கொண்டுவந்த சமத்துவ விதிகளில் சொன்னது. அந்த விதிகளை முதல் நாளே தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். புகார் யாரிடம் கொடுப்பது, அவர் எந்த அறையில் இருப்பார் என்று காட்டுங்கள். 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகையைச் சலுகை மாதிரிப் பேசாமல் உரிமை என்று விளக்குங்கள். சாதி என்றால் என்ன என்பதை ஒரு முழு நாள் பேசுங்கள், அதைச் சாதி இந்து மாணவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும். இதற்கெல்லாம் முன்னால், மாணவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முந்தி, ஆசிரியர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வகுப்பு வையுங்கள். அந்த வகுப்பை நடத்த, விடுதியில் நாலு வருஷம் இருந்து படித்து முடித்த நம்ம பசங்களைக் கூப்பிடுங்கள். அதற்குத் தீட்சை என்றுதான் பெயர் வைப்பீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், முதல் தீட்சை உங்களுக்குத்தான்.